நான்கு விரல் இடைவெளி தீர்மானிக்கும் வேகம்: பாய்மரப் படகின் முன்பாய்க் கோணத்தை அமைப்பது எப்படி?

பெங்களூரு: ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இரண்டு சிறிய பாய்மரப் படகுகள், ஒரே அளவுள்ள பாய்களுடன், ஒரே காற்றில், ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. அரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள மிதவையை அடையும்போது ஒன்று மற்றொன்றை ஆறு படகு நீளத்துக்கு முந்தியிருக்கிறது. பழைய பாயோ, அனுபவக் குறைவோ இல்லாத நிலையிலும் இத்தகைய இடைவெளி உருவாகலாம். முன்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு படகின் மேல்தளத்தில் எந்த இடத்திலிருந்து இழுக்கிறது என்பதில் நான்கு விரல் அகல வேறுபாடு இருந்தாலே அதற்குப் போதுமானது.

முன்பாய்க் கயிற்றின் கோணம் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு, பாய்மரப் படகோட்டத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் செலவின்றி வேகம் தரும் நுட்பங்களில் ஒன்று. காற்று நிலையற்று வீசும் உள்நாட்டு ஏரிகளில் இதன் முக்கியத்துவம் மேலும் கூடுகிறது. இந்தக் கோணம் என்ன, அது எவ்வாறு செயல்படுகிறது, அதைச் சரியாக அமைப்பது எப்படி என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

கடலற்ற நகரில் பாய்மரம்

கடலிலிருந்து வெகு தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவுக்கும் பாய்மரப் படகோட்டத்துக்கும் தொடர்பு உண்டு. நகரின் நடுவே ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள அல்சூர் ஏரியை ஒட்டியே, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அமைந்துள்ளது. 1780-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட இப்படைப்பிரிவின் வீரர்கள் ‘தம்பி’ என்ற தமிழ்ச் சொல்லாலேயே ராணுவ வட்டாரத்தில் அன்புடன் அறியப்படுகின்றனர். ஆறு, ஏரிகளைக் கடக்கப் பாலமும் மிதவையும் அமைப்பது பொறியாளர் படையின் பணி என்பதால், நீர்நிலைப் பயிற்சி அவர்களுக்குப் புதிதல்ல.

இந்திய ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த குழுவினர் 1985 முதல் 1987 வரை ‘திரிஷ்ணா’ என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தனர். அந்தப் படகின் பெயரைத் தாங்கிய பாய்மரக் கழகம் பெங்களூருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்துடன் இணைந்து இயங்குகிறது.

கடலில் பயிற்சி பெறுபவர்களுக்கு நிலையான காற்றும், ஏரியில் பயிற்சி பெறுபவர்களுக்குத் தட்டையான நீரும் வாய்க்கின்றன. நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும் ஏரிக்காற்றில் படகோட்டுபவர், கிடைக்கும் சிறிதளவு காற்றையும் வீணாக்காமல் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. அந்தப் பாடத்தின் முதல் பக்கம் முன்பாயில் தொடங்குகிறது.

ஒரு பாயும் இரு பாயும்

இந்தியாவின் அண்மைக்காலப் பதக்கங்களைப் பார்த்தால் இந்த நுட்பத்தின் இடம் விளங்கும். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் இந்தியா மூன்று பதக்கங்களை வென்றது. அவற்றில் இரண்டு, இருவர் இணைந்து செலுத்தும் படகுகளில் கிடைத்தவை. 49இஆர் எஃப்எக்ஸ் பிரிவில் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகர் இணை வெள்ளியும், 49இஆர் பிரிவில் கே.சி. கணபதி, வருண் தாக்கர் இணை வெண்கலமும் வென்றன. இவ்வகைப் படகுகளில் பெரும்பாயுடன் முன்பாயும் உண்டு.

2023-இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள் கிடைத்தன. நேஹா தாக்கூர், விஷ்ணு சரவணன், ஈபாத் அலி ஆகிய மூவரும் ஒற்றைப் பாய் கொண்ட பிரிவுகளில் வென்றவர்கள். ஒலிம்பிக்கில் நேத்ரா குமணன் பங்கேற்ற படகும் ஒற்றைப் பாய் வகையே.

ஒற்றைப் பாய்ப் படகில் முன்பாய்க் கோணம் என்ற கேள்வியே எழாது. இரண்டு பாய்கள் கொண்ட படகிலோ, ஒரு பாயில் செய்யும் மாற்றம் மற்றொன்றின் காற்றோட்டத்தையும் மாற்றிவிடும். ஒற்றைப் பாயில் தேர்ந்த இளையவர்கள் இருவர் படகுக்கு மாறும்போது சந்திக்கும் முதல் தடைகளில் இதுவும் ஒன்று. 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த, இந்தியப் பாய்மரக் கழகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் ‘என்டர்பிரைஸ்’ படகு இதற்கான நல்ல பயிற்சிக் களம். ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள இப்படகில் பெரும்பாயும் முன்பாயும் மட்டுமே உள்ளதால், அவ்விரண்டுக்கும் இடையிலான உறவைக் கற்க இது ஏற்றது.

உறுப்புகளின் பெயர்கள்

பாய்மரத்துக்கு முன்னால், படகின் முகப்பை நோக்கிச் சாய்வாக இறங்கும் கம்பியில் மாட்டப்படும் முக்கோணப் பாயே முன்பாய். பாய்மர வீரர்கள் இதை ‘ஜிப்’ என்பர். காற்றை முதலில் சந்திக்கும் விளிம்பு முன்விளிம்பு. காற்று வெளியேறும் விளிம்பு பின்விளிம்பு. கீழே உள்ளது அடிவிளிம்பு. பின்விளிம்பும் அடிவிளிம்பும் கூடும் மூலையில் ‘ஷீட்’ எனப்படும் இழுகயிறு கட்டப்படுகிறது. தமிழகக் கடலோர மீனவர் வழக்கில் பாயின் கீழ்மூலையைக் கட்டுப்படுத்தும் இக்கயிற்றுக்குத் தாமான் என்று பெயர்.

இழுகயிறு நேராகக் கைக்கு வருவதில்லை. படகின் மேல்தளத்தில் பொருத்தப்பட்ட ஒரு வளையத்தின் வழியாகத் திரும்பியே வருகிறது. ‘லீட்’ எனப்படும் இந்த வளையம் பெரும்பாலான படகுகளில் துளைகள் கொண்ட ஓர் உலோகத் தண்டவாளத்தின் மேல் அமைந்திருக்கும். அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். சில படகுகளில் உள்ளும் வெளியுமாகவும் நகர்த்தலாம். லீட் வளையம் இருக்கும் இடமே கயிற்றின் கோணத்தை முடிவு செய்கிறது. அந்தக் கோணமே பாயின் வடிவத்தை முடிவு செய்கிறது.

முதல் கோணம்: பக்கவாட்டில் எவ்வளவு?

படகின் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை நடுவே ஒரு கோடு வரைவதாகக் கொள்வோம். முன்பாயின் முன்கீழ் மூலையிலிருந்து லீட் வளையத்துக்கு மற்றொரு கோடு. இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்டதே பக்கவாட்டுக் கோணம். காற்றுக்கு எதிர்முகமாகச் செல்லும்போது பந்தயப் படகுகளில் இது பொதுவாக 7 முதல் 12 டிகிரி வரையிலும், உலாப் படகுகளில் அதைவிடச் சற்று அதிகமாகவும் இருக்கும்.

இதை அளக்கக் கோணமானி தேவையில்லை. அளவு நாடா போதும். முன்கீழ் மூலையிலிருந்து நடுக்கோட்டின் வழியே லீட் வளையங்களுக்கு நேரான இடம் வரை உள்ள தொலைவை முதலில் அளக்க வேண்டும். பின்னர் இடது, வலது வளையங்களுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்து பாதியாக்க வேண்டும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விடை 0.14 எனில் கோணம் 8 டிகிரி, 0.18 எனில் 10 டிகிரி, 0.21 எனில் 12 டிகிரி. முதல் தொலைவு 2 மீட்டராக இருந்தால், நடுக்கோட்டிலிருந்து 28 சென்டிமீட்டரில் உள்ள வளையம் 8 டிகிரியையும், 35 சென்டிமீட்டரில் உள்ளது 10 டிகிரியையும், 42 சென்டிமீட்டரில் உள்ளது 12 டிகிரியையும் தரும். அதாவது 2 டிகிரி என்பது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்; நான்கு விரல் அகலம்.

இந்தச் சிறு மாற்றத்தின் விளைவை ஓர் எளிமைப்படுத்திய கணக்கால் காட்டலாம். பாயில் உருவாகும் விசை, பாயின் குறுக்குக் கோட்டுக்கு ஏறத்தாழச் செங்குத்தாகச் செயல்படுவதாகக் கொள்வோம். மொத்த விசை 100 பங்கு எனில், 10 டிகிரிக் கோணத்தில் படகை முன்னோக்கித் தள்ளுவது சுமார் 17 பங்கு. 12 டிகிரியில் சுமார் 21 பங்கு. படகைப் பக்கவாட்டில் தள்ளும் பங்கு இரண்டிலும் 98-ஐ ஒட்டியே இருக்கிறது. காற்றுக்கு எதிராகச் செல்லும் படகு பெறும் விசையின் பெரும்பகுதி அதைச் சாய்க்கவும் ஒதுக்கவுமே முயல்கிறது. நீரில் இறங்கியுள்ள நடுப்பலகைதான் அதைத் தடுக்கிறது. எஞ்சிய சிறு பங்கே வேகமாகிறது. அச்சிறு பங்கு, 2 டிகிரி மாற்றத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகம் கூடுகிறது.

அப்படியானால் கோணத்தை விரித்துக்கொண்டே போகலாமே என்ற கேள்வி எழும். அதற்கு ஒரு விலை உண்டு. கோணம் விரிய விரிய, படகால் காற்று வரும் திசையை நெருங்கிச் செல்ல இயலாது. காற்று வரும் திசையில் நேராக 500 மீட்டர் தொலைவில் மிதவை உள்ளது எனில், 45 டிகிரியில் வளைந்து வளைந்து செல்லும் படகு ஏறத்தாழ 707 மீட்டர் ஓட வேண்டும். 47 டிகிரியில் செல்லும் படகு 733 மீட்டர் ஓட வேண்டும். கூடுதலான 26 மீட்டர் என்பது என்டர்பிரைஸ் அளவுள்ள படகுக்கு ஆறு படகு நீளத்துக்கும் மேல். இதை ஈடுகட்ட வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூட வேண்டும். கூடினால் விரிந்த கோணம் லாபம், கூடாவிட்டால் நட்டம்.

எனவே பக்கவாட்டுக் கோணத்துக்கு என்றென்றும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. தட்டையான நீரும் மிதமான காற்றும் உள்ளபோது குறுகிய கோணம் பயன் தரும். காற்று மிக மெலிந்தாலோ, அலை எழுந்து படகைத் தடுத்தாலோ, படகுக்கு முதலில் வேகம் தேவை. அப்போது கோணத்தைச் சற்று விரிக்க வேண்டும். காற்று மிக வலுத்தாலும் விரிப்பதே பொருத்தம்.

இரு பாய்களுக்கு இடையே

முன்பாய்க்கும் பெரும்பாய்க்கும் இடைப்பட்ட இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகமாகப் பாய்வதாலேயே இரண்டு பாய்கள் கூடுதல் விசை தருகின்றன என்ற விளக்கம் நெடுங்காலம் நிலவியது. 1970-களில் அமெரிக்க விமானக் காற்றியல் பொறியாளர் ஆர்வெல் ஜென்ட்ரி இவ்விளக்கத்தை மறுத்தார். பெரும்பாயின் தாக்கத்தால் முன்பாய்க்கு வரும் காற்று சாதகமாகத் திரும்புகிறது என்றும், முன்பாயின் வெளிப்புறத்தில் அதன் வேகம் கூடுகிறது என்றும் அவர் காட்டினார். இரண்டு பாய்களும் ஒன்றுக்கொன்று காற்றை வளைத்துக் கொடுக்கும் ஒரே அமைப்பாகச் செயல்படுகின்றன.

படகோட்டுபவருக்கு இதன் நடைமுறைப் பொருள் எளியது. முன்பாய் அளவுக்கு மீறி உள்ளே இழுக்கப்பட்டால், அதன் பின்விளிம்பிலிருந்து வெளியேறும் காற்று பெரும்பாயின் முன்பகுதியில் மோதி, அங்கே பாயை உட்புறமாக உப்பச் செய்யும். மிதமான காற்றில் பாய்மரத்தை ஒட்டிப் பெரும்பாய் இவ்வாறு அலைபாய்ந்தால், பெரும்பாயைக் குறை கூறும் முன் முன்பாயின் வளையத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கோணம்: முன்னா, பின்னா?

லீட் வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்போது மாறுவது, கயிறு பாயைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்கும் விகிதம். வளையம் முன்னே நகர்ந்தால் கயிறு செங்குத்தாகி, பாயின் மூலையைக் கீழே இழுக்கும். அப்போது பின்விளிம்பு இறுகும். அடிப்பகுதி தளர்ந்து குழிவாகும். வளையம் பின்னே நகர்ந்தால் கயிறு சாய்ந்து, மூலையைப் பின்னே இழுக்கும். அப்போது அடிப்பகுதி தட்டையாகும். பின்விளிம்பு தளர்ந்து பாயின் மேற்பகுதி வெளிப்புறமாகத் திறக்கும்.

மேற்பகுதி சற்றுத் திறந்திருப்பது குறையன்று. நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று உராய்வால் மெதுவாகவும், உயரத்தில் உள்ள காற்று வேகமாகவும் வீசுகிறது. படகின் வேகமோ மேலும் கீழும் ஒன்றே. இதனால் ஓடும் படகில் உணரப்படும் காற்று, பாயின் உச்சியில் சற்றுப் பக்கவாட்டிலிருந்தும், அடியில் சற்று முன்னாலிருந்தும் வருகிறது. அதற்கேற்பப் பாயும் உச்சியை நோக்கிச் சிறிது முறுக்கம் கொண்டிருக்க வேண்டும். அந்த முறுக்கத்தின் அளவைத் திருத்தும் கருவியே வளையத்தின் முன்பின் இடம்.

தொடக்க இடத்தைக் கண்டறிய எளிய வழி உண்டு. படகு கரையில் இருக்கும்போது முன்பாயை ஏற்றி, இழுகயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளையத்திலிருந்து மூலைக்கு வரும் கயிற்றின் கோட்டை அப்படியே பாயின் மேல் நீட்டினால், அது முன்விளிம்பின் பாதி உயரத்தை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் கீழோ சென்று சேர வேண்டும். இது தொடக்கம் மட்டுமே. சரியான இடத்தை நீரில் ஓடும் படகுதான் காட்டும்.

மூன்று இழைகள் சொல்லும் செய்தி

அதைக் காண உதவுபவை ‘டெல்டேல்’ எனப்படும் கம்பளி நூல் இழைகள். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், பாயின் இருபுறமும் இவை ஒட்டப்படுகின்றன. காற்று பாயை ஒட்டிச் சீராகச் சென்றால் இழை பின்னோக்கி நேராகக் கிடக்கும். காற்றோட்டம் பிரிந்தால் இழை துடிக்கும்.

சோதனை முறை இதுதான். படகைக் காற்றுக்கு எதிர்முகமாகச் செலுத்தி, இழுகயிற்றை வழக்கமான அளவில் இறுக்கி, சுக்கானைக் கொண்டு படகின் முகப்பை மிக மெதுவாகக் காற்று வரும் திசையை நோக்கித் திருப்ப வேண்டும். காற்று வரும் பக்கத்தில் உள்ள மூன்று இழைகளையும் கவனிக்க வேண்டும்.

மேல் இழை முதலில் துடித்தால், பாயின் உச்சி அளவுக்கு மீறித் திறந்துள்ளது. வளையத்தை முன்னே நகர்த்த வேண்டும். கீழ் இழை முதலில் துடித்தால், உச்சி இறுகி அடி தளர்ந்துள்ளது. வளையத்தைப் பின்னே நகர்த்த வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் துடித்தால் வளையம் சரியான இடத்தில் உள்ளது. ‘மேல் துடித்தால் முன்னே, கீழ் துடித்தால் பின்னே’ என்று நினைவில் கொள்ளலாம்.

காற்று போகும் பக்கத்து இழைகள் துடித்தால் அது வேறு செய்தி. பாய் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டுள்ளது, அல்லது படகு காற்றிலிருந்து மிக விலகிச் செல்கிறது என்று பொருள். அப்போது வளையத்தைத் தொடக் கூடாது. கயிற்றைத் தளர்த்தவோ, படகைத் திருப்பவோ வேண்டும்.

ஏரிக்காற்றின் குணம்

பெங்களூருவில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்தும் காற்று வீசுவது வழக்கம். ஆனால் மரங்களும் கட்டடங்களும் சூழ்ந்த நகர்ப்புற ஏரியில் அந்தக் காற்று உடைந்தே வந்து சேர்கிறது. ஒரு தடையின் பின்னால், அதன் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட தொலைவு வரை காற்று கலங்கியிருக்கும். 15 மீட்டர் உயர மரவரிசை ஒன்று 150 மீட்டருக்கு மேல் நீர்ப்பரப்பைக் காற்று மறைவாக்கிவிடும். அல்சூர் ஏரியில் உள்ளவை போன்ற மரங்கள் அடர்ந்த தீவுத்திட்டுகளும் இதே வேலையைச் செய்கின்றன.

இத்தகைய காற்றில் மிகக் குறுகிய கோணம் ஆபத்தானது. காற்றின் திசை சில டிகிரி மாறினாலும் பாயின் காற்றோட்டம் அறுந்து, படகு நின்றுவிடும். பக்கவாட்டுக் கோணத்தை ஒரு டிகிரி விரித்து, பின்விளிம்பைச் சற்றுத் திறந்து வைத்தால், காற்றின் மாறுபாட்டைப் பாய் பொறுத்துக்கொள்ளும். மிக நுட்பமான அமைப்பைவிட, பிழை பொறுக்கும் அமைப்பே ஏரியில் வேகமானது.

உயரத்தின் பங்கும் உண்டு. 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 8 முதல் 9 சதவீதம் குறைவு. பாயில் விழும் விசையும் அதே அளவில் குறையும். பெங்களூருவில் 10 நாட் வேகத்தில் வீசும் காற்று, சென்னைக் கடற்கரையின் ஒன்பதரை நாட் காற்றுக்கு ஒப்பானது. சென்னைத் துறைமுகப் பகுதியில் குறித்து வைத்த அளவுகளை அப்படியே அல்சூருக்குக் கொண்டுவருபவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காற்று வலுக்கும்போது

வளையத்தின் இடம் வேகத்துக்கு மட்டும் உரியதன்று, பாதுகாப்புக்கும் உரியது. சிறிய படகு கவிழ்வதற்கு முக்கியக் காரணம், பாயின் உயரமான பகுதியில் விழும் விசை. விசை எவ்வளவு உயரத்தில் விழுகிறதோ, அவ்வளவு வலுவாகப் படகு சாயும். காற்று வலுக்கும் நாளில் லீட் வளையத்தை ஓரிரு துளைகள் பின்னே நகர்த்தினால், முன்பாயின் உச்சி திறந்து, மேற்பகுதியில் உள்ள காற்று வழிந்துபோகும். அடிப்பகுதி தட்டையாகி விசையைக் குறைக்கும். மேல் இழை சற்று முன்னதாகத் துடிப்பது அன்று ஏற்கத்தக்கதே. எடை குறைந்த இளையவர்கள் ஓட்டும் படகுகளுக்கு இம்மாற்றம் பெரிதும் உதவும்.

திடீர் வீச்சு வரும்போது வளையத்தை நகர்த்த நேரம் இருக்காது. அப்போது முதலில் தளர்த்த வேண்டியது பெரும்பாயின் கயிறு. படகு கவிழ்ந்துவிட்டால், நிமிர்த்துவதற்கு முன் முன்பாயின் கயிற்றை அதன் பூட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பூட்டிய நிலையில் நிமிரும் படகு, காற்றைப் பிடித்து மீண்டும் கவிழவோ, நீரில் இருப்பவரை விட்டு ஓடவோ கூடும். உயிர்காப்பு மேலங்கி அணியாமல் எந்தச் சோதனையிலும் இறங்கக் கூடாது.

பக்கக் காற்றில்

காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி படகு திரும்பினால், இழுகயிறு தளர்த்தப்படுகிறது. பாயின் மூலை வெளியேயும் மேலேயும் செல்ல, உச்சி அளவுக்கு மீறித் திறந்து காற்றை வீணாக்கும். இந்நிலையில் வளையம் வெளியேயும் முன்னேயும் நகர வேண்டும். இதற்கென ‘பார்பர் ஹாலர்’ என்ற துணைக்கயிறு சில படகுகளில் உண்டு; இழுகயிற்றையே அது படகின் விளிம்பை நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த வசதி இல்லாத பயிற்சிப் படகுகளில், வளையத்தை ஓரிரு துளைகள் முன்னே நகர்த்துவதே பெரும் பயன் தரும்.

பலர் தவறும் இடங்கள்

முதலாவது, இடது, வலது வளையங்கள் சம இடத்தில் இல்லாமை. துளை எண்ணை மட்டும் நம்பக் கூடாது; தண்டவாளங்களே ஏற்றத்தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். முன்கீழ் மூலையிலிருந்து இருபுறமும் நாடாவால் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் செல்லும்போது வேகமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் ஓடும் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, பாய்மரத்தின் சாய்வை மாற்றிவிட்டு வளையத்தை மறப்பது. பாய்மரம் பின்னே சாய்ந்தால் முன்பாயின் மூலையும் தாழ்ந்து பின்னே செல்லும். வளையத்தையும் அதற்கேற்பப் பின்னே நகர்த்தி, இழைச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவது. வளையம், இழுகயிறு, பாய்மரச் சாய்வு மூன்றையும் சேர்த்து மாற்றினால், எதனால் வேகம் கூடியது என்று அறிய வழியில்லை.

நான்காவது, நீர்க்களையைக் கவனியாமை. நகர்ப்புற ஏரிகளில் நடுப்பலகையிலும் சுக்கானிலும் களை சிக்குவது சாதாரணம். ஒரு கைப்பிடிக் களை தரும் தடை, வளையத்தால் கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் நடுப்பலகையை ஒரு முறை தூக்கி இறக்குவது நல்லது.

இரு படகுச் சோதனை

காற்று மாறிக்கொண்டே இருக்கும் ஏரியில், ஒரு படகின் வேகத்தை நேற்றைய வேகத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே வகைப் படகுகள் இரண்டை அருகருகே, ஒன்றின் காற்று மற்றொன்றைத் தடுக்காத இடைவெளியில் ஓட்டுவதே நம்பகமான முறை. ஒரு படகில் எதையும் மாற்றக் கூடாது. மற்றொன்றில் வளையத்தை ஒரு துளை மட்டும் நகர்த்த வேண்டும். சில நிமிட ஓட்டத்துக்குப் பின் எது முன்னே சென்றது, எது காற்று வரும் திசையை அதிகம் நெருங்கியது என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பின்னர் ஓட்டுநர்கள் படகு மாறி, அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்போதுதான் ஓட்டுபவரின் திறமையும் வளையத்தின் பயனும் பிரிந்து தெரியும்.

கிடைத்த விடைகளை நாள், காற்றின் வேகம், நீரின் நிலை, துளை எண் என்ற நான்கு தலைப்புகளில் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தால், ஒரு பருவத்துக்குள் அந்தப் படகுக்கே உரிய அட்டவணை உருவாகிவிடும். தண்டவாளத்தின் அருகே அழியா மையால் எண்களைக் குறித்துவிட்டால், போட்டியின் நடுவே தேட வேண்டியதில்லை.

செலவு குறைவு, பயன் அதிகம்

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி கடற்கரையில் நடைபெறும் பாரம்பரியப் பாய்மரப் படகுப் போட்டிகளில் பங்கேற்கும் மீனவர்கள், காற்றுக்கேற்பத் தாமானை இழுப்பதும் தளர்த்துவதும் அனுபவ அறிவால்தான். 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற கழகங்களில் பயிலும் இளையவர்களுக்கு அதே அறிவு டிகிரியாகவும் சென்டிமீட்டராகவும் கற்பிக்கப்படுகிறது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: பாயைக் காற்றுக்கு ஏற்ப அமைப்பது.

போட்டித் தரமுள்ள புதிய பாய்களை அடிக்கடி வாங்கும் வசதி எல்லாக் கழகங்களுக்கும் இல்லை. பழைய பாயுடன் பயிலும் ஓர் இளைஞருக்கு இந்தச் சோதனைக்குத் தேவைப்படுபவை ஆறு கம்பளி இழைகள், ஓர் அளவு நாடா, ஒரு மைப்பேனா, ஒரு குறிப்பேடு ஆகியவை மட்டுமே. சரியாக அமைக்கப்பட்ட பழைய முன்பாய், தவறாக அமைக்கப்பட்ட புதிய முன்பாயை முந்தும் வாய்ப்பு ஏரிக்காற்றில் எப்போதும் உண்டு. இருவர் படகுக்கு மாற விரும்பும் இளைய வீரர்கள் முதல் நாளிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி இது.